வேலி போடுவது நாமா, ஆளா?

வேலைக்கு ஆள் வைத்தால் பணம் போகிறது. நாமே செய்தால் முதுகு போகிறது. இரண்டில் எது போனால் பரவாயில்லை என்று தீர்மானிப்பதற்குள் ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை விவாதம், எத்தனை மனஸ்தாபம்! வெள்ளையடிப்பதில் இருந்து தண்ணீர்த் தொட்டி கழுவுவது வரை இதே கதைதான். எங்கள் வீட்டில் இந்த விவாதம் கொல்லைப்புறத்து வேலியை வைத்து 2025 மே மாதம் நடந்தது. மற்ற வேலைகளை நாலு நாள் தள்ளிப் போடலாம். இதைத் தள்ளிப் போட முடியாது. ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் ஊர் மன்னார்குடிப் பக்கம். நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் பிரிந்து வரும் பாமணியாற்றுப் பாசனம். வீட்டுக் கொல்லை முடிகிற இடத்தில் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. கோடையில் அதில் ஆடு மேயும். தண்ணீர் வந்து விட்டாலோ பெரியவர்களுக்கே இடுப்பளவு. முன்பு அங்கே நொச்சியும் கல்யாண முருங்கையும் அடர்ந்த உயிர்வேலி இருந்தது. 2018 நவம்பர் 16-ஆம் தேதி அடித்த கஜா புயலில் அது வேரோடு போயிற்று. அதன் பிறகு கட்டிய மூங்கில் படலும் மக்கி, இற்று, நாய் நுழைகிற சந்தாகி விட்டது. நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தவரை அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

ஜூன் முதல் வாரம் வளைகாப்பு முடிந்து மகளை இரண்டாவது பிரசவத்துக்கு அழைத்து வருவதாக ஏற்பாடு. கூடவே மூத்த பேரன். வயது ஒன்றே முக்கால். நடக்கத் தெரியும், ஓடத் தெரியும். நில் என்றால் நிற்கத்தான் தெரியாது! மகளால் அவன் பின்னால் ஓட முடியாது. நான் அடுப்படியில் இருப்பேன். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறப்பது ஜூன் 12. ஆனால் 2022-ல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28 வரை திறக்கவில்லை. ஆகவே எந்த வாரம் வாய்க்காலில் தண்ணீர் வரும் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. பேரன் வந்து இறங்குமுன் வேலி நிற்க வேண்டும். இதுதான் எனக்கு இருந்த ஒரே கெடு.

சின்னக் குழந்தை தண்ணீரில் விழுந்தால் கத்தும், கையைக் காலை உதறும், நமக்குக் கேட்கும் என்றுதான் நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி இல்லை. சத்தமே இல்லாமல் சில நிமிஷங்களில் முடிந்து விடுகிறது. மூக்கும் வாயும் மூழ்குகிற அளவு தண்ணீர் இருந்தால் போதும். 2021-ல் மட்டும் உலகத்தில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாகவும், அவர்களில் ஏறக்குறைய கால் பங்கு 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் என்றும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. குழந்தை தண்ணீரை நெருங்க முடியாதபடி தடுப்பு அமைப்பது அந்த நிறுவனம் சொல்லும் முக்கியமான வழிகளில் ஒன்று. அப்படியென்றால், கொல்லைப்புற வேலி அழகுக்குப் போடுவதல்ல. அம்மை ஊசி, போலியோ சொட்டு மருந்து மாதிரி அதுவும் ஒரு பாதுகாப்பு.

அவர் கட்சியும் என் கட்சியும்

முதலில் ஒரு ஒப்பந்தக்காரரை அழைத்துக் கேட்டோம். டேப் கூடப் பிடிக்காமல் கொல்லையை ஒரு சுற்றுப் பார்த்து விட்டு, "எல்லாம் சேர்த்து இருபத்தாறாயிரம் ஆகும்மா" என்றார். என்னவருக்கு முகம் சிவந்து விட்டது. அவர் போனதும், "நாற்பது அடி வேலிக்கு இருபத்தாறாயிரமா? எங்கப்பா காலத்துல ஒரு பைசா செலவில்லாம நாங்களே போட்டோம். இந்தா பாரு, கடப்பாறை இருக்கு, மண்வெட்டி இருக்கு. நானே போட்டுடறேன்" என்று ஆரம்பித்து விட்டார்.

அவருக்கு வயது 61. வேலை தெரியாதவர் இல்லை. ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன் குடலிறக்க அறுவை சிகிச்சை ஆனவர். 'கனமான சாமான் தூக்காதீர்கள்' என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதை நேராகச் சொன்னால், "என்னைக் கிழவன்னு சொல்றியா?" என்று வரும். ஆண்களுக்கு இது ஒரு ரோஷம்! அதனால் நான் வாக்குவாதம் செய்யாமல் ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்துக் கொண்டு உட்கார்ந்தேன்.

"ஏங்க, எது எது எவ்வளவு ஆகும்னு நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன்."

கணக்கு எழுதுகிறபோது கோபம் தானாகத் தணியும் என்பது என் அனுபவம்.

நோட்டில் எழுதிய கணக்கு

வாய்க்கால் பக்கத்து அகலம் 42 அடி. அதில் 3 அடி வாசல். மீதி 39 அடியை ஆறரை அடிக்கு ஒன்றாகப் பிரித்தால், வாசலுக்கும் சேர்த்து 8 தூண். 7 அடி சிமெண்ட் தூண் ஒன்று 400 ரூபாய் வீதம் 3,200. இரண்டு அங்குலக் கண் உள்ள 5 அடி உயரக் கம்பி வலை, 10 கேஜ், சுமார் 52 கிலோ. கிலோ 100 ரூபாய் வீதம் 5,200. சிமெண்ட் 2 மூட்டை 800. மணலும் ஜல்லியும் 1,400. இழுகம்பி, கட்டுக்கம்பி 600. தானாகச் சாத்திக் கொள்ளும் சின்ன இரும்புக் கேட் 4,500. ஆக மொத்தம் 15,700 ரூபாய். இது எங்கள் ஊரில் எங்களுக்குச் சொன்ன விலை. உங்கள் ஊரில் முன்னே பின்னே இருக்கும்.

"பாத்தியா! பதினோராயிரம் மிச்சம்" என்றார் அவர் வெற்றிப் புன்னகையோடு. "பத்தாயிரத்து முந்நூறு" என்று நான் திருத்தினேன். அப்புறம் இன்னொரு வரி எழுதினேன். ஒரு மேஸ்திரிக்கு நாள் கூலி 1,000, கூட வரும் ஆளுக்கு 700. இரண்டு நாள் வைத்தால் 3,400. பொருளை நாமே வாங்கி, பளுவான வேலைக்கு மட்டும் ஆள் வைத்தால் 19,100-ல் முடிந்து விடும். ஒப்பந்தக்காரர் கேட்டதில் 6,900 ரூபாய் மிச்சம்.

அதாவது, 'எல்லாம் நாமே' என்பதற்கும் 'பளுவுக்கு மட்டும் ஆள்' என்பதற்கும் வித்தியாசம் வெறும் 3,400 ரூபாய்! ஒரு தடவை வயிற்றைப் பிடித்துக் கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனால், ஸ்கேனுக்கும் மருந்துக்கும் இது காணுமா? இந்தக் கேள்வியை நான் வாய்விட்டுக் கேட்கவில்லை. நோட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். அவ்வளவுதான். கொஞ்ச நேரம் பார்த்துக் கொண்டிருந்தவர், "சரி, குழி வெட்டறதுக்கும் தூண் நடறதுக்கும் ஆள் வச்சுக்கலாம். ஆனா நூல் பிடிக்கிறது நான்தான்" என்றார்.

"நீங்க பிடிக்காம வேற யாருங்க பிடிக்கிறது?" என்றேன்.

எதற்கு ஆள்?

இம்மாதிரி வேலை வந்தால் அதை ஒரே மூட்டையாகப் பார்க்கக் கூடாது. பிரித்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் நான் மூன்று கேள்வி கேட்டேன். தூக்குகிற பாரம் எவ்வளவு? தப்பாகப் போனால் யாருக்கு ஆபத்து? இதற்கு வேண்டிய கருவி மறுபடி நமக்குப் பயன்படுமா?

4 அங்குலச் சதுரத்தில் 7 அடி சிமெண்ட் தூண் ஏறக்குறைய 50 கிலோ கனம். அதை நிமிர்த்திக் குழிக்குள் இறக்குவது பழகியவர்கள் வேலை. எங்கள் ஊர் மண் களிமண். வெயிலில் பாறை மாதிரி இறுகும், மழையில் கொழகொழவென்று இளகும். 2 அடி ஆழம் வெட்டிக் கான்கிரீட் போடாவிட்டால் ஒரே மழையில் தூண் சாய்ந்து விடும். சாய்ந்த வேலி, வேலியே இல்லாததை விட மோசம்; இருக்கிறது என்று நம்பி நாம் அசட்டையாக இருந்து விடுவோம். வலையை விறைப்பாக இழுப்பதற்குத் திருகி முறுக்கேற்றும் கருவி வேண்டும். ஒரு நாள் வேலைக்காக அதை யார் விலைக்கு வாங்குவது? ஆக குழி, தூண், கான்கிரீட், வலை இழுப்பது ஆகிய நாலும் ஆள் கணக்கில் போயின.

எல்லையைக் குறிப்பதையும் நாமாக 'இதுதான் நம்ம இடம்' என்று செய்யக் கூடாது. வாய்க்கால் கரை புறம்போக்கு. அதில் ஒரு ஜாண் கூட நுழையக் கூடாது. பட்டாவையும் புலப்படத்தையும் அரசாங்கத்தின் இணையதளத்திலேயே எடுத்துக் கொள்ளலாம். எல்லைக் கல் தெரியாவிட்டால் இ-சேவை மையத்தில் மனுக் கொடுத்து, சர்வேயர் வந்து அளந்த பின் போடுவதே நல்லது. எங்களுக்குக் கல் தெரிந்தது. அதிலிருந்து 2 அடி உள்ளே தள்ளியே நூல் பிடித்தோம். கரை ஓரத்து மண் அரித்தாலும் தூண் நிற்க வேண்டுமே! பக்கத்து வீட்டு அக்காவையும் கூப்பிட்டு நூலைக் காட்டினேன். "ஒரு வார்த்தை சொன்னியே, அது போதும்மா" என்றார்கள். வேலி இரண்டு மனைகளைப் பிரிக்கலாம். மனசைப் பிரிக்கக் கூடாது, பாருங்கள்.

ஆளிடம் பேசும்போது சில விஷயங்களை முதலிலேயே பேசிக் கொள்ள வேண்டும். எத்தனை அடிக்கு ஒரு தூண், குழி எவ்வளவு ஆழம், மிஞ்சிய மண்ணை யார் அள்ளுவது, கூலி எந்த வேலை முடிந்ததும் தருவது. கம்பி வாங்கும்போது கேஜ் எண்ணைக் கவனியுங்கள். எண் கூடக் கூடக் கம்பி மெலிசு. 8 கேஜ் தடிமன், 12 கேஜ் மெலிசு. இது தெரியாமல் '12 தான் உசத்தி' என்று நினைப்பவர்கள் உண்டு. வலையை எடை போட்டே வாங்க வேண்டும். துருப் பிடிக்காமல் இருக்கத் துத்தநாகப் பூச்சு உள்ளதாகவும் பார்க்க வேண்டும்.

எங்கள் கைக்கு வந்த வேலைகள்

நூல் பிடித்துச் சுண்ணாம்பால் இடம் குறித்தது அவர். மோட்டார் ஒயரும் செப்டிக் டாங்க் குழாயும் எந்தப் பக்கம் போகின்றன என்று முன்னாலேயே அடையாளம் வைத்தார். வெளி ஆளுக்கு அது எப்படித் தெரியும்? முதல் நாள் சாயங்காலம் குறித்த இடத்தில் எல்லாம் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டோம். மறுநாள் கடப்பாறை சுலபமாக இறங்கியது. "அம்மா, பாதி வேலைய நீங்களே முடிச்சுட்டீங்க" என்று மேஸ்திரி சிரித்தார். மே மாத வெயில் ஆதலால் காலை 6 மணிக்கே ஆரம்பித்து 11 மணிக்கு நிறுத்தி, மறுபடி 4 மணிக்குத் தொடர்ந்தோம். உப்புப் போட்ட மோர் ஒரு குடம் எப்போதும் திண்ணையில் இருந்தது.

தூண் நட்ட பிறகு ஒரு வாரம் கான்கிரீட்டை ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். காலையும் மாலையும் பூவாளியால் தண்ணீர் விட்டது நான். இதற்கு ஆள் வைத்தால் கட்டுபடி ஆகுமா? வாரம் கழித்து அவர்கள் வந்து வலையை இழுத்துக் கட்டி விட்டுப் போனார்கள். அதற்கு மேல் அடிக்கு ஒரு கட்டு வீதம் கட்டுக்கம்பி முறுக்கியதும், வெட்டுப்பட்ட கம்பி முனைகளை எல்லாம் குறடால் மடக்கி வெளிப்பக்கம் திருப்பியதும் அவர். குழந்தையின் கண் உயரத்தில் ஒரு முனை கூட நீட்டிக் கொண்டிருக்கக் கூடாது என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தது நான். வலைக்கு அடியில் பழைய செங்கல்லை வரிசையாகப் புதைத்தோம். குழந்தை தவழ்ந்து போகிற சந்தும் அடைபட்டது. நாய் தோண்டுவதும் நின்றது.

குழந்தைக்காகப் போடுகிற வேலிக்குச் சில அளவுகள் முக்கியம். ஆஸ்திரேலியாவில் நீச்சல் குளத்து வேலிக்கு இருக்கும் விதியையே நான் எடுத்துக் கொண்டேன். உயரம் குறைந்தது 4 அடி. எந்த இடைவெளியும், அடிச் சந்து உட்பட, 4 அங்குலத்துக்கு மேல் கூடாது. கதவு தண்ணீர்ப் பக்கம் திறக்காமல் வீட்டுப் பக்கமாக இழுத்துத் திறக்கும்படி இருந்தால், குழந்தை தள்ளினாலும் திறக்காது. தாழ்ப்பாள் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வேண்டும். வேலிக்குப் பக்கத்தில் தொட்டி, ஸ்டூல், கவிழ்த்த வாளி எதுவும் கூடாது. ஏறத் தெரிந்த பிள்ளைக்கு அது ஏணி!

நீங்களும் கை வைப்பதானால் உடம்பைக் கவனித்துச் செய்யுங்கள். ஈர சிமெண்ட் தோலை அரித்துப் புண்ணாக்கும். ரப்பர் கையுறை போடாமல் தொடாதீர்கள். பட்டு விட்டால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். துருக் கம்பியோ மண் பட்ட கருவியோ கீறினால், சோப்புப் போட்டுக் கழுவி விட்டு டாக்டரிடம் காட்டுங்கள். கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்டு 5 வருஷம் ஆகியிருந்தால், அழுக்குப் பட்ட காயத்துக்கு மறுபடி தேவைப்படும். கர்ப்பிணிகள் பாரம் தூக்கும் பக்கமே போக வேண்டாம்.

கம்பியோடு உயிர்வேலி

"வேலிக்குக் கம்பி எதுக்கு? செடி வச்சா காசே ஆகாதே" என்று சிலர் சொன்னார்கள். உண்மைதான். ஆனால் உயிர்வேலி அடர்ந்து ஆள் புகாமல் ஆக ஒன்றிரண்டு வருஷம் வேண்டும். பேரன் வளருவதை அதுவரை நிறுத்தி வைக்க முடியுமா? அதனால் அவசரத்துக்குக் கம்பி, ஆயுசுக்குச் செடி என்று இரண்டையும் வைத்துக் கொண்டோம். வலையை ஒட்டி உள்பக்கமாக நொச்சியும் ஆடாதோடையும் ஆடி மாதத்தில் நான் நட்டேன். கட்டை விரல் பருமன், ஒரு முழ நீளம் போத்தாக வெட்டி, ஒரு அடிக்கு ஒன்று. இரண்டையும் ஆடு மாடு கடிக்காது. நொச்சி இலை ஜலதோஷத்துக்கு ஆவி பிடிக்க உதவும். ஆடாதோடை இருமலுக்குக் கைகண்டது. ஆனால் கர்ப்பிணிகள் அதை உள்ளுக்குச் சாப்பிடக் கூடாது. மகள் வீட்டில் இருந்ததால் அதை முதலிலேயே சொல்லி வைத்தேன்.

வறண்ட சீமையில் இருப்பவர்களுக்குக் கிளுவை நல்ல வேலி. முள்ளும் இருக்கும், தண்ணீரும் அதிகம் கேட்காது. கல்யாண முருங்கை வைத்தால் அடைக்கு இலை கிடைக்கும். குழந்தைகள் உள்ள வீட்டில் திருகுகள்ளி வேண்டவே வேண்டாம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அரளியும் வேண்டாம், பூ முதல் வேர் வரை விஷம்.

2025-ல் வழக்கப்படி ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறந்தது. வாய்க்காலில் தண்ணீர் வந்த அன்று பேரன் வலையைப் பிடித்துக் கொண்டு, "தண்ணி, தண்ணி" என்று குதித்தான். நான் அடுப்படி ஜன்னலில் இருந்து பார்த்தேன். பதறி ஓட வேண்டியிருக்கவில்லை. அதற்காக அவனைத் தனியே விட்டு விடவும் இல்லை. எவ்வளவு நல்ல வேலியும் நமக்குச் சில நிமிஷ அவகாசம்தான் தரும். பெரியவர்கள் கண்ணுக்கு அது ஈடாகாது. கிணற்றுக்கு மூடி, துணி ஊற வைத்த வாளி, திறந்த தொட்டி இவற்றையும் அன்றாடம் பார்க்கத்தான் வேண்டும்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் 'நாமா, ஆளா' என்ற பேச்சு வந்தால் உடனே ஒரு பக்கம் சாய்ந்து விடாதீர்கள். வேலையைத் துண்டு துண்டாக நோட்டில் எழுதுங்கள். பாரமும் ஆபத்தும் உள்ளதைப் பழகிய கைக்குக் கொடுங்கள். பொறுமையும் கவனிப்பும் வேண்டியதை நீங்கள் எடுத்துக் கொள்ளுங்கள். அதைக் காசு கொடுத்து வாங்க முடியாது. வேலி போட்டு முடிந்ததும் மாதம் ஒரு முறை தூணை அசைத்துப் பாருங்கள், கேட் தானாகச் சாத்திக் கொள்கிறதா என்று பாருங்கள், அடிச் சந்தைப் பாருங்கள். மழை பெய்த மறுநாள் கட்டாயம் பாருங்கள். ஐந்து நிமிஷ வேலை. இதற்கு மட்டும் ஆள் வைக்காதீர்கள்!